பின்வாசல் இராமையா

ராகலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, "லொறி அங்கமுத்து வீடு எங்க?" என்று யாரையும் கேளுங்கள். சின்னப் பிள்ளையும் கை நீட்டிக் காட்டும். கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு என்று இந்த மலையில் விளைகிற சாமான் என் லொறியில் ஏறாமல் கொழும்பைப் பார்த்ததில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். மிச்சத்தை லொறி சொல்லிக் கொடுத்தது. ஏற்றத்தில் எஞ்சின் போடுகிற சத்தத்தை வைத்தே பின்னால் எத்தனை மூட்டை இருக்கிறதென்று சொல்லுவேன். சவால் விட்டவன் ஒருத்தனும் ஜெயித்ததில்லை.

இப்போது நான் இருக்கிறது தொப்பித் தோட்டத்துப் பெரிய பங்களாவில். பிறந்ததும் அதே தோட்டம்தான், பங்களாவுக்குக் கீழே, தொழிலாளர் வரிசை வீடான பணிய லயத்தில், ஏழாம் காம்பிராவில், ஒற்றை அறையில். அங்கிருந்து பங்களாவுக்கு நடந்தால் இருபது நிமிஷம். எனக்கு வந்து சேர அறுபது வருஷம் ஆனது. ஆனாலும் வந்தேன், சாவியோடு வந்தேன்.

ஆனால் இது என் கதையில்லை. என் கதையைச் சொல்ல நான் இருக்கிறேன். இது இராமையா அப்புவின் கதை. அவருக்குச் சொல்ல ஆளில்லை.

பங்களாவில் சமைக்கிறவரைத்தான் எங்கள் பக்கத்தில் அப்பு என்போம். இராமையா பதினாலு வயதில் அந்தக் குசினிக்குள் பாத்திரம் கழுவப் போனார். இருபதில் அப்பு ஆனார். கல்யாணம் கட்டவில்லை. அவர் செய்கிற புட்டிங்கைச் சாப்பிட நுவரெலியாவிலிருந்து தொரமார் கார் போட்டு வருவார்களாம். குசினிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, அதில் ஒரு கட்டில், ஒரு பெட்டி. அறுபது வருஷத்துக்கு மேல் அந்த அறைதான் அவர் ஊர். வீடு கை மாறிக்கொண்டே இருந்தது. அவர் மாறவில்லை. அடுப்பையும் மேசையையும் போல அவரையும் ஒருத்தர் கையிலிருந்து ஒருத்தர் வாங்கிக்கொண்டோம்.

அந்தக் காலத்து வழக்கம் ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். தோட்டத்து ஆள் பங்களாவுக்கு முன்பக்கமாக வரக்கூடாது. பின்பக்கம் வர வேண்டும். அங்கே மழைத்தண்ணி ஓடுகிற சிமெந்துக் கான் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டக் கூடாது. கதவைத் தட்டக் கூடாது, கூப்பிடவும் கூடாது. தலையில் போட்ட கம்பளியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கானுக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு தடவை இருமணும். அவ்வளவுதான். உள்ளே அப்புவுக்குக் கேட்டால் அவர் கதவைத் திறந்து, "என்னா விஷயம்?" என்று கேட்பார். விஷயம் தொரைக்குப் போகும். தொர துண்டுச் சீட்டு எழுதினால் அப்பு அதை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். வீட்டில் ஒருத்தருக்கு முடியாமல் போய் ஆஸ்பத்திரிக்குத் தோட்டத்து லொறி வேண்டுமென்றாலும் அந்தத் துண்டு வேணும். துண்டு இல்லாமல் ட்ரைவர் சாவியைத் தொடமாட்டான்.

கடைசியாக இருந்த வெள்ளைக்காரருக்குச் சனங்கள் வைத்த பேர் சுங்கான் தொர. வாயில் புகை பிடிக்கிற சுங்கான் இல்லாமல் அவரை ஒருத்தரும் பார்த்ததில்லை. அவர் எழுபத்திரண்டில் ஊருக்குப் போனார். பங்களாவும் சுற்றியிருந்த கொஞ்சம் தேயிலையும் கண்டிப் பக்கத்துப் பண்டார முதலாளி கைக்கு வந்தன. சொல்லப்போகிற விஷயம் அவர் காலத்தில்தான் வெளியில் தெரிந்தது.

பின்னேரம் நாலு மணி. தேத்தண்ணி நேரம். பின்வாசலில் இருமல் கேட்கும். முதல் இருமல் சின்னது. இரண்டாவது கொஞ்சம் இழுக்கும். அதற்குப் பிறகு தொண்டையைக் கனைக்க வந்து, கனைக்காமல் விழுங்குகிற ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் கானில் தண்ணி ஓடும், பனிமூட்டம் இருக்கும், ஆள் இருக்காது.

பண்டார முதலாளி பௌத்த ஹாமதுருமாரைக் கூட்டிவந்து இரவு பகலாகப் பிரித் ஓதி, வீட்டைச் சுற்றி வெள்ளை நூல் கட்டினார். மறுநாள் நாலு மணிக்கு இருமல் வந்தது, நூலுக்கு வெளிப்பக்கம் நின்று. அவர் வீட்டம்மா அதோடு கண்டிக்குப் போனவர்தான். சில வருஷத்தில் அவரும் விற்றுவிட்டுப் போனார்.

அடுத்து வாங்கினது பேரின்பநாயகம் மாஸ்டர். யாழ்ப்பாணத்து மனிதர், இங்கே பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். பேய் பிசாசு என்றால் சிரிப்பார். "இராமையா, உது காத்து. புகைக்கூட்டுக்கால வாற காத்துத்தான்" என்று சொல்லி, புகைக்கூட்டைத் தகரம் வைத்து அடைத்தார். இருமல் நிற்கவில்லை. அவருடைய மனைவி கேதீஸ்வரி அம்மா ஒருநாள் கேட்டாராம்:

"காத்தெண்டால் இராமையா ஏனப்பா ஒவ்வொரு நாளும் போய்க் கதவைத் திறக்கிறார்?"

எனக்குத் தெரிய, அந்த வீட்டில் இருந்தவர்களில் சரியான கேள்வியைக் கேட்டது அந்த அம்மா ஒருத்திதான்.

ஏனென்றால் இராமையா செய்தது அதைத்தான். இருமல் கேட்டதும் கையிலிருப்பது கொதிக்கிற சட்டியானாலும் இறக்கி வைப்பார். துவாயைத் தோளில் போடுவார். பின்கதவைத் திறந்து படியில் நின்று, "வந்துட்டேங்க. என்னா விஷயம்?" என்பார். பதிலுக்குக் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வந்து சட்டியைத் திரும்ப ஏற்றுவார். ஒருநாள், இரண்டு நாள் இல்லை. ஐம்பது வருஷம். கிழவருக்குப் புத்தி பிசகு என்று எல்லோரும் சொன்னார்கள். கை ருசிக்காக எல்லோரும் வைத்துக்கொண்டார்கள்.

மாஸ்டர் குடும்பம் பிள்ளைகளிடம் கனடாவுக்குப் போனது. அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி வந்து ஹோட்டல் போட்டார்கள். தங்க வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி தேத்தண்ணி குடிக்கும்போது, "பின்னால நிக்கிற ஆளுக்கும் ஒண்ணு குடுங்க, குளிருல நிக்கிறாரு" என்றாளாம். கொழும்பு அம்மா கோப்பையோடு போய்ப் பார்த்துவிட்டு, கோப்பையோடு திரும்பி வந்தார். அந்தக் கிழமையே பத்திரிகையில் விளம்பரம் போட்டார்கள்.

விளம்பரத்தைப் பார்த்து வந்தவன் நான்.

அன்றைக்கு மார்கழிக் குளிர். மகனோடு முன்வாசலில் வாகனத்தை விட்டு இறங்கினேன். இறங்கும்போதே முடிவு பண்ணிவிட்டேன், முன்வாசலில்தான் இறங்குவதென்று. தொண்டை கரகரவென்று இருந்தது, இரண்டு தடவை இருமினேன். உள்ளே இருந்து ஒரு கிழவர் தோளில் துவாயோடு ஓடிவந்தார். எங்களைத் திரும்பியும் பார்க்காமல் விறாந்தையைக் கடந்து பின்பக்கம் ஓடினார். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "வந்துட்டேங்க. என்னா விஷயம்?"

என் மகன் லோஜன் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்பா, ஆளு இங்க நிக்குது. இவரு அங்க யார வரவேற்கிறாரு?"

கிழவர் திரும்பி வந்தார். என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"முதலாளிக்கு எந்த ஊருங்க?"

"இதே தோட்டந்தான். பணிய லயம், ஏழாம் காம்பிரா!" என்றேன். சுவருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகத்தான் சொன்னேன்.

அவர் உள்ளே போனார். தேத்தண்ணி கொண்டு வரும்போது ஒரு கோப்பை கைதவறி உடைந்தது. "இந்த வீட்டுல நான் ஒடைச்ச மொதக் கோப்பைங்க இது" என்று அவரே சொன்னார். போகும்போது பின்னாலேயே வந்தார்.

"எனக்குச் சம்பளம் வேணாங்க. அந்தச் சின்ன அறையும் பின்கதவும் மட்டும் இருக்கட்டும். நான் சாகுற வரைக்கும்."

"அறை சரி அப்பு. கதவ வச்சு என்னா பண்ணப் போறீங்க?"

"தெறக்கணுங்க" என்றார்.

குடிபோன முதல் பின்னேரம், தொர உட்கார்ந்த இடத்தில் நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு, தேத்தண்ணி குடித்தேன். நாலு மணிக்கு இருமல் கேட்டது. நான் பயந்த ஆள் இல்லை. மண் சரிந்த ரோட்டில், பள்ளத்துப் பக்கம் அரைச் சக்கரம் வெளியில் நிற்க லொறியைக் கொண்டுபோனவன். ஆனால் அந்த இருமல் கேட்டபோது எனக்குப் பயமாக இல்லை, வேறு ஒன்றாக இருந்தது. எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை. "நாய்" என்றேன்.

மருமகள் ஷாமிலா அப்போது மாசமாக இருந்தாள். பூண்டுலோயாக்காரி, எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

"மாமா, நாய் இருமுமா?"

"குளிருக்கு இருமும்."

"அப்ப உங்க நாய நீங்களே வச்சுக்குங்க. நான் அம்மா வீட்டுக்குப் போறேன். புள்ள பொறந்தாலும் இந்த வீட்டுக்குத் தூக்கிட்டு வரமாட்டேன். சொல்லிட்டேன்."

சொன்ன மாதிரியே பெட்டியைக் கட்டினாள். லோஜனும் கூடப் போய்விட்டான். நான் யாருக்காக வாங்கினேன்? என் பேரப்பிள்ளை இந்த விறாந்தையில் தவழணும், கீழே லயத்திலிருந்து சனம் அதைப் பார்க்கணும், அதற்காகத்தான். அப்பாவும் அம்மாவும் செத்துப்போனார்கள், வீட்டுக்காரி போய்ச் சேர்ந்தாள். மிச்சம் இருந்தது அந்த ஆசை ஒன்றுதான்.

யோசித்தேன். கதவு இருக்கப் போய்த்தானே ஒருத்தன் கதவடியில் வந்து நிற்கிறான்? கதவை எடுத்துவிட்டால்? அதோடு எனக்கு வேறு ஒரு எண்ணமும் இருந்தது. லயத்தில் பிறந்தவன் வீட்டுக்கு எதற்குப் பின்வாசல்? வருகிறவன் யாராக இருந்தாலும் முன்னால் வரட்டும், மணி அடிக்கட்டும், நாற்காலியில் உட்காரட்டும். இந்தத் தோட்டத்தில் இதை நினைத்த முதல் ஆள் நான்தான் என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

மேசன் பாஸ் கல்லும் சீமெந்தும் இறக்கினபோது இராமையா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அது வரைக்கும் அவர் என்னைத் தொட்டதில்லை.

"கதவ அடைக்காதீங்க முதலாளி. நிக்கிறவரு எங்க போவாரு?"

"நிக்கிறவருக்குத்தான் முன்வாசல் இருக்கே."

"அவருக்கு முன்வாசல் தெரியாதுங்களே."

"தெரிஞ்சுக்கட்டும்" என்றேன்.

ஒரே நாளில் சுவர் எழும்பியது. அடுத்த நாலு நாளும் சத்தமில்லை. லோஜனுக்குப் போன் போட்டு, "ஹாமதுரு, மாஸ்டர், கொழும்புக்காரன் ஒருத்தனாலயும் முடியல. உங்கப்பன் நாப்பது கல்லுல முடிச்சான்" என்று சொன்னேன். இராமையா மட்டும் நாலு மணிக்குச் சுவருக்கு முன்னால் துவாயோடு போய் நின்றார்.

ஐந்தாம் நாள் பெருமழை. நாலு மணிக்கு இருமல் கேட்டது. இரண்டு தடவை. கொஞ்சம் இடைவெளி. திரும்ப இரண்டு தடவை. திரும்ப. முன்பெல்லாம் இரண்டோடு நின்றுவிடும், கேட்க ஆள் இருந்தது. இப்போது நிற்கவில்லை. அவசரமும் இல்லை, கோபமும் இல்லை. ஒரு ஆள் மரியாதை தவறாமல், பொறுமையாக, மழையில் நின்று இருமிக்கொண்டே இருக்கிறான். அந்தப் பொறுமைதான் என்னால் தாங்க முடியவில்லை. காதைப் பொத்திக்கொண்டேன். அது சுவருக்கு வெளியில் கேட்கிறதா உள்ளே கேட்கிறதா என்று தெரியவில்லை.

அப்போதுதான் பார்த்தேன், இராமையாவைக் காணோம். முன்வாசல் திறந்து கிடந்தது. வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடியிருக்கிறார். எழுபத்தேழு வயது. பாசி பிடித்த கல். "இந்தா வர்றேங்க! வந்துட்டேங்க!" என்று கத்துவது மழைக்குள் கேட்டது. நான் போய்ச் சேரும்போது கானுக்குள் விழுந்து கிடந்தார். இருமல் நின்றிருந்தது.

தூக்கிவந்து கட்டிலில் போட்டேன். காய்ச்சல் அனலாக அடித்தது, மூச்சு சளியில் இழுத்தது. "ஆஸ்பத்திரிக்குப் போவம் அப்பு, லொறி வாசல்ல நிக்குது" என்றேன்.

"லொறியிலயா? நானா?" என்றார். சிரித்த மாதிரி இருந்தது. "நான் அதுல ஏறக்கூடாது தம்பி."

முதலாளி என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்குத்தான் தம்பி என்றார்.

"ஒங்க அப்பா பேரு வேலாயுதம். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டப் போவாரு, வலது கையில ஒரு வெரல் இருக்காது. சரியா?"

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"நீங்க வந்த அன்னைக்கு முன்வாசல்ல இருமுனீங்க. அப்பவே தெரியும். அதே இருமல். ஒங்க வாய்க்குள்ள இருந்து வருது, நான் பின்பக்கம் ஓடுறேன்."

பிறகு அவர் சொன்னார். மூச்சுக்கு மூச்சு நிறுத்தித்தான் சொன்னார்.

அறுபத்தெட்டு, ஆடி மாசம். சுங்கான் தொர வீட்டில் விருந்தாளிகள். தேத்தண்ணி நேரத்தில் யார் இருமினாலும் உள்ளே வந்து சொல்லக் கூடாது என்பது தொரையின் கட்டளை. நாலு மணிக்கு இருமல் கேட்டது. இராமையா குசினி ஜன்னலால் பார்த்தார். மழையில் என் அப்பா, கம்பளியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு.

"கேக்கு அப்பத்தான் வெந்துச்சு. வெட்டி வச்சுட்டுப் போவோம்னு நெனச்சேன். வெட்டி வச்சேன். அப்புறம் இன்னும் தேத்தண்ணி கேட்டாங்க. குடுத்துட்டுப் போவோம்னு நெனச்சேன். தொரகிட்ட சொல்லாட்டியும் கதவத் தெறந்து என்னா விஷயம்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். அதுக்குத் தடையில்ல. நின்னுக்கிட்டு இருப்பாருன்னு நெனச்சேன் தம்பி. எப்பவும் நின்னுக்கிட்டுத்தானே இருப்பாங்க."

விருந்தாளிகள் போய், இருட்டுகிற நேரத்தில் அவர் கதவைத் திறந்தபோது அங்கே ஒருவரும் இல்லை. என்ன விஷயம் என்று மறுநாள்தான் அவருக்குத் தெரிந்தது.

அந்த நாளின் மற்றப் பாதி என்னிடம் இருந்தது. எனக்கு ஏழு வயது. தங்கச்சி பூவாயிக்கு நாலு. மூன்று நாளாகக் காய்ச்சல், அன்றைக்கு வலிப்பு வந்தது. அப்பா துண்டு வாங்க ஓடினார். அம்மா என்னை லயத்து வாசலில் நிறுத்தி, "லொறி சத்தம் கேட்டா ஓடியாந்து சொல்லு" என்றாள். நான் நின்றேன். மழைச் சத்தத்துக்குள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஆற்றுச் சத்தம் லொறி மாதிரிக் கேட்கும். இரண்டு தடவை ஓடிப்போய், "வருது!" என்றேன். இரண்டு தடவையும் வரவில்லை.

இருட்டின பிறகு அப்பா வந்தார். "தொர இல்லையாம்" என்றார். அது மட்டும்தான் சொன்னார். பூவாயியைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நுவரெலியாவுக்கு நடக்கத் தொடங்கினார். போக்குத் திருப்பம் வரைக்கும்தான் போனார். திரும்பி வரும்போது கம்பளி அவள் முகத்தையும் மூடியிருந்தது.

அந்த வருஷமே அப்பாவும் போய்விட்டார், சாகிறவரைக்கும் "தொர இல்லையாம்" என்பதை மாற்றவில்லை. அம்மாவும் அதை நம்பியே போனாள். ஒரு நாயைக்கூட ஏன் வந்தாய் என்று கேட்பார்கள், அவரை ஒருத்தர்கூட வந்து கேட்கவில்லை என்பதை எங்களிடம் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்திருக்கும்.

நான் கையை ஓங்கிவிட்டேன். மறைக்கவில்லை, ஓங்கினேன். கிழவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். ஓங்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல், விலகிக் கிடந்த போர்வையை இழுத்துவிட்டேன்.

அன்றிரவு முழுக்க அந்த அறைப் பக்கம் போகவில்லை. விடிந்ததும் அலவாங்கை எடுத்து, மேசன் பாஸைக் கூப்பிடாமல், நானே சுவரை இடித்தேன். அதே கதவை அதே நிலையில் மாட்டினேன். நாலு மணிக்குக் குசினியில் போய் நின்றேன். இருமல் கேட்டது. இப்போது எங்கே கேட்டது என்று எனக்குத் தெரியும். ஏழு வயது வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டுதான் தூங்கியிருக்கிறேன்.

கதவைத் திறந்தேன். "அப்பா, உள்ள வாங்க. இது நம்ம வீடு. நான் வாங்கிட்டேன்" என்றேன்.

கானில் தண்ணி ஓடியது. ஒன்றுமில்லை.

மறுநாளும் சொன்னேன். மூன்று லொறி இருப்பதைச் சொன்னேன், ராகலையில் என் பேர் எப்படி என்று சொன்னேன். வீட்டில் எத்தனை அறை என்றுகூடச் சொன்னேன். மூன்றாம் நாளும் அதே இருமல், கானுக்கு அந்தப் பக்கம் நின்று. இராமையா கட்டிலில் கிடந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, உள்ள வர்றதுக்கா அவரு வந்தாரு? துண்டு வாங்க வந்தாரு."

அது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். இவ்வளவு சம்பாதித்த எனக்குத் தோன்றவில்லை.

நாலாம் நாள் தாளும் பேனையும் எடுத்தேன். என் எழுத்து கோழி கிளறினது போலத்தான் இருக்கும். இராமையா சொல்லச் சொல்ல எழுதினேன். இந்த வீட்டிலிருந்து போன அத்தனை துண்டையும் சுமந்தவர் அவர், வாசகம் அவருக்கு மனப்பாடம். 'ட்ரைவருக்கு. கொண்டு வரும் ஆளின் பிள்ளையை நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகவும்.'

"ஒடனே ஏற்றிப் போகவும்னு போடுங்க" என்றார். "தொர போடமாட்டாரு. நீங்க போடுங்க."

போட்டேன். கையெழுத்தும் வைத்தேன்.

"நான் கொண்டுபோறேன்" என்றேன்.

"அது அப்பு வேல" என்றார்.

எழும்ப முடியாத மனிதர் எழும்பினார். முகம் கழுவினார். வெள்ளைக் கோட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார், தோள் இரண்டும் அதற்குள் தொளதொளத்தன. தொர காலத்துத் தட்டை மினுக்கச் சொன்னார். நான் பெரிய லொறியைப் பின்பக்கம் கொண்டுவந்து, எஞ்சினை நிறுத்தாமல், உள்ளே உட்கார்ந்திருந்தேன். மூட்டம் இறங்கிவிட்டது. எனக்குத் தெரிந்தது கதவும் படியும் மட்டும்தான்.

எஞ்சின் சத்தத்துக்கு மேலேயும் இருமல் கேட்டது. கதவு உடனே திறந்தது. இராமையா படியில் இறங்கி நின்றார், நிலையைப் பிடிக்காமல்.

"வந்துட்டேங்க. வர நேரமாயிருச்சு, மன்னிச்சுக்கிருங்க. லொறிக்குச் சொல்லியாச்சு. இந்தாங்க துண்டு."

இரண்டு கையாலும் தட்டை நீட்டினார். தலையைக் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது தட்டில் தாள் இல்லை. காற்று அடித்ததா, கானில் விழுந்ததா, நான் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து என் கண் மங்கிவிட்டது.

லொறியை எடுத்தேன். பணிய லயத்துக்கு இறக்கினேன். ஏழாம் காம்பிராவில் இப்போது வேறு ஆட்கள். வாசலில் நிறுத்தி, இடப்பக்கக் கதவைத் திறந்து வைத்தேன். சனம் கூடி என்னைப் பார்த்தது. "என்னாங்க முதலாளி, யாருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். மூன்று பேர் ஏறுகிற அளவு நேரம் நின்றேன். கதவைச் சாத்தினேன்.

வெறும் லொறி போக்குத் திருப்பத்து ஏற்றத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறும். ஒரு ஆணும் பெண்ணும் ஒரு பிள்ளையும் அதற்கு ஒரு பாரமேயில்லை. அன்றைக்கு அந்தத் திருப்பத்தில் எஞ்சின் மூச்சு வாங்கியது. நிறை லோட்டுக்கு இறங்குகிற கியருக்கு இறங்க வேண்டியதாயிற்று. என் காது பொய் சொல்லாது. இடப்பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டேன். காவற்காரர் வந்து எட்டிப் பார்த்து, நோயாளி எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்.

"எறங்கிட்டாங்க" என்றேன், அவர் பாஷையிலேயே.

திரும்பி வரும்போது லொறி லேசாக வந்தது.

இராமையா வெள்ளைக் கோட்டைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "போய்ச் சேந்தாங்களா?"

"சேந்துட்டாங்க."

"புள்ள?"

"முழிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றேன். வியாபாரத்தில் நான் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. இது பொய்யா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அதிலிருந்து பதினோராம் நாள் இராமையா இறந்துபோனார். பிரேதத்தைத் தூக்க வந்தவர்கள் பழக்கத்தில் பின்பக்கம் திரும்பினார்கள். "முன்வாசலால கொண்டுபோங்கடா!" என்று போட்ட சத்தத்தில் மலையே திரும்பியிருக்கும். பதினாலு வயதில் அந்த வீட்டுக்குள் போனவர், முன்படியில் முதல் தடவையாக ஓடாமல் இறங்கிப் போனார். மேளத்தோடு போனார். நான்தான் கொள்ளி வைத்தேன்.

அதன்பிறகு இருமல் இல்லை. ஷாமிலா பிள்ளையோடு வந்துவிட்டாள். பேத்தி விறாந்தையில் தவழ்கிறாள், கீழே லயத்துச் சனம் பார்க்கிறது. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. நாலு மணி மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு சத்தமும் இல்லாமல் அந்த நேரம் வந்துவிட்டுப் போகிறது. மூட்டம் கான் வரைக்கும் வந்து நிற்கிறது. அப்பா பக்கத்தில் நின்ற அந்தக் கொஞ்ச நாளை என் கையாலேயே துண்டு எழுதி அனுப்பிவிட்டேன் என்று அந்த நேரத்தில் தோன்றும்.

இப்போது லொறியை விட்டுவிட்டுப் பின்பக்கமாகத்தான் வீட்டுக்கு வருகிறேன். நேற்றும் அப்படித்தான், கானடியில் கால் தானாக நின்றது. தொண்டையும் தானாகக் கரகரத்தது. ஷாமிலா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னா மாமா, கதவு தெறந்துதானே கெடக்கு? அங்க நின்னு ஏன் இருமிக்கிட்டு இருக்கீங்க?"